வளரும் குடும்பத்துக்கு ஒரு பழைய வான்: கொழும்பில் பார்த்து வாங்கும் முறை

மூன்றாவது பிள்ளை பிறந்த ஆண்டு, நல்லூர்த் திருவிழாவுக்காக வெள்ளவத்தையிலிருந்து காரில் புறப்பட்டோம். மாமியார் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள, அவருக்கு இரு பக்கமும் மற்ற இரண்டு பிள்ளைகள் நெருக்கிக்கொண்டிருக்க, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை அப்படியே கடந்தோம். திரும்பி வரும்போது கறுத்தக் கொழும்பான் மாம்பழப் பெட்டி ஒன்றும் சேர்ந்துகொண்டது. அடுத்த கிழமையே வான் தேடத் தொடங்கினேன். வாங்கி முடிக்க ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களில் பார்த்தவற்றையும் கேட்டறிந்தவற்றையும், இதே தேவையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று எண்ணி எழுதுகிறேன்.

முதலில் சந்தையின் நிலையைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதி கிடைத்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாட்டுக்குள் இருந்த வான்களே கைமாறிக்கொண்டிருந்தன. உழைத்துக் களைத்த வண்டிகளும் வர்ணம் பூசப்பட்டு நல்ல விலைக்குப் போயின. இறக்குமதி திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாக, நடுத்தரக் குடும்பம் ஒன்று பழைய வானைத் தேடுவதே வழக்கமாக உள்ளது. ஆகவே பத்து, பதினைந்து வயதுடைய வண்டியைப் பார்க்கிறோம் என்பதை ஏற்றுக்கொண்டே தேடலைத் தொடங்குவது நல்லது. மினுக்கமும் மீற்றரும் சொல்வதை ஒதுக்கிவிட்டு, தரையும் ஆசனமும் பத்திரமும் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதே என் அனுபவம்.

விளம்பரங்களைத் திறந்தவுடன் கண்ணில் படுவது டொயோட்டா ஹையேஸ்தான். பழைய டொல்பின் வகையும், 2004 இல் ஜப்பானில் அறிமுகமான, இங்கு கே.டி.எச். என்றே எல்லோரும் அழைக்கும் வகையும் இப்போதும் விலை குறையாமல் நிற்கின்றன. நிசான் கரவான் அதே அளவில் சற்றுக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். குடும்பத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டவை டொயோட்டா நோவா, வொக்ஸி, ஹொண்டா ஃப்ரீட், டொயோட்டா சியென்டா போன்றவை. ஏழு ஆசனங்களுடன் வந்த பிரியஸ் அல்ஃபாவும் உண்டு. அதன் கடைசி வரிசை சிறு பிள்ளைகளுக்கு மட்டுமே பொருந்தும். சுசுகி எவ்ரி போன்ற 660 சிசி குட்டி வான்கள் ஒழுங்கைகளுக்கு வசதியானவை என்றாலும், ஜப்பானில் நான்கு பேருக்கென்றே அவை அனுமதிக்கப்பட்டவை. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. கே.டி.எச்.சின் சூப்பர் ஜி.எல். என்ற வகையின் உயரம் 1.98 மீற்றர், நோவாவின் உயரம் ஏறத்தாழ 1.83 மீற்றர். நீளத்திலும் அகலத்திலும் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. தொடர்மாடிகளில் வசிப்போர் தங்கள் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தின் மிகத் தாழ்ந்த இடத்தை, தண்ணீர்க் குழாய்கள் ஓடும் இடத்தையும் சேர்த்து, நாடா வைத்து அளந்த பின்னரே வகையைத் தீர்மானிக்க வேண்டும். வண்டியை வாங்கிய பின் அளந்த நண்பர் ஒருவர், இன்று தம் வானை வீதியோரத்தில் நிறுத்திவிட்டுப் பொலிஸாரை எதிர்பார்த்தபடி இருக்கிறார்.

இனி ஆசனங்கள். பிள்ளைகளுள்ள வீட்டார் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியதும், பெரும்பாலானோர் பார்க்காமல் விடுவதும் இதுவே. நாம் விரும்பி வாங்கும் சூப்பர் ஜி.எல். ஜப்பானில் ஐந்து பேர் அமரும் சரக்கு வானாகவே விற்கப்படுகிறது. பின்னால் நாம் காணும் மென்மையான, சாய்த்துக்கொள்ளக்கூடிய ஆசனங்கள் பலவும் இங்கு வந்த பின் தரையில் துளையிட்டுப் பூட்டப்பட்டவை. அவற்றைச் செய்தவருக்குத் தையல் வேலை நன்றாகத் தெரிந்திருக்கலாம். மோதல் நேரும்போது அந்த ஆணிகள் தாங்குமா என்பதை எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆகவே கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள். ஆசனக் கால்கள் வெறும் தகரத்தில் பூட்டப்பட்டுள்ளனவா, கீழே தடித்த இரும்புத் தகடு வைக்கப்பட்டுள்ளதா என்று வண்டியின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆசனத்துக்கும் பட்டி (சீட் பெல்ட்) உள்ளதா, அது ஆசனத்தில் பூட்டப்பட்டுள்ளதா, வண்டியின் உடலில் பூட்டப்பட்டுள்ளதா என்பதையும் கவனியுங்கள். பதிவுச் சான்றிதழில் குறிக்கப்பட்ட ஆசன எண்ணிக்கையும் வண்டியில் உள்ள எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். நோவா, ஃப்ரீட் போன்றவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆசனங்களும் பட்டிகளும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டவை. கைக்குழந்தையின் இருக்கையைக் கையோடு எடுத்துச் சென்று பூட்டிப் பாருங்கள். மாமியாரையும் அழைத்துச் சென்று ஏறி இறங்கச் சொல்லுங்கள். கே.டி.எச்.சின் படி உயரம் முழங்கால் வலியுள்ளவருக்கு ஒரு சிறு மலை.

வரலாறு அறிவதே அடுத்த வேலை. தெஹிவளையில் நான் பார்த்த ஒரு வானின் மீற்றர் 98,000 கிலோமீற்றர் காட்டியது. விற்பவர் தம் குடும்பத்தார் மட்டுமே ஓட்டியதாகச் சொன்னார். மாலை நேரம். பின்கண்ணாடியில் சரிவாக வெயில் விழுந்தபோது, உரித்தெடுத்த ஸ்டிக்கரின் பசைத்தடம் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. பாடசாலை வான் என்று மூன்று மொழிகளிலும் வாசிக்க முடிந்தது. கம்பளத்தின் கீழ் இரண்டு வரிசை ஆணித் துளைகள் ரப்பர் மூடிகளால் அடைக்கப்பட்டிருந்தன. என்னோடு வந்த மெக்கானிக், "தம்பி, மீற்றரைப் பார்க்காதீங்க, பெடலைப் பாருங்க" என்றார். பிரேக் பெடலின் ரப்பர் வரிகள் தேய்ந்து வழுவழுப்பாகி, ஓரத்தில் இரும்பு தெரிந்தது. ஒரு லட்சம் கிலோமீற்றருக்குள் அப்படித் தேயாது. பாடசாலை வானாக ஓடிய வண்டி கெட்ட வண்டி என்று நான் சொல்ல வரவில்லை. அதை மறைத்தவர் வேறு எதையெல்லாம் மறைத்திருப்பார் என்பதே கேள்வி.

மீற்றரைச் சரிபார்க்க வேறு வழிகளும் உண்டு. சேவை நிலையங்களில் ஒட்டும் ஒயில் மாற்றுச் சீட்டுகள் கதவோரத்தில் எஞ்சியிருக்கலாம். ஜப்பானிலிருந்து பாவித்த வாகனமாக வந்ததென்றால், அங்கு ஏலத்தில் விற்றபோது எழுதப்பட்ட ஏலத்தாளில் அன்றைய கிலோமீற்றரும் தரமும் குறிக்கப்பட்டிருக்கும். தரம் இருக்கும் இடத்தில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், விபத்துக்குப் பின் திருத்தப்பட்ட வண்டி என்று பொருள். விற்பவர் காட்டும் தாளை மட்டும் நம்பாமல், அடிச்சட்ட இலக்கத்தை (சேஸி நம்பர்) கொண்டு தனியாகத் தேடிப் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு விடயத்தில் ஏமாறாதீர்கள்: விளம்பரத்தில் வரும் ஆண்டு பெரும்பாலும் இங்கு பதிவான ஆண்டு. தயாரித்த ஆண்டு சான்றிதழில் தனியாக இருக்கும். இரண்டுக்கும் இடையே சில ஆண்டுகள் இருந்தால் விலை பேசும்போது அதைச் சொல்லுங்கள்.

கொழும்பில் வண்டி வாங்குவோருக்கு நீர் ஒரு தனிப் பகைவன். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பக்கம் நாட்கணக்கில் மூழ்கியபோது, வீடுகளோடு வாகனங்களும் மூழ்கின. அவ்வாறு நனைந்த வண்டியைக் கழுவி, உலர்த்தி, வாசனை தெளித்து விற்பது எளிது. ஆசனப் பட்டியைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை எவரும் கழுவுவதில்லை, அங்கே சேற்று நிறம் தங்கியிருக்கும். ஆசனத் தண்டவாளங்களின் துரு, விளக்குகளுக்குள் படிந்த ஈரம், டாஷ்போர்டின் அடியிலுள்ள வயர்ச் சந்திகளில் பச்சை படிவு ஆகியவையும் அதையே சொல்லும். கடலோரத்தில் நின்ற வண்டிகளுக்கு உப்புக்காற்றின் துரு வேறு: சறுக்குக் கதவின் கீழ்த் தண்டவாளத்தையும் சில்லு வளைவுகளின் உட்புறத்தையும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடிகள் அனைத்திலும் ஒரே தயாரிப்புக் குறி உள்ளதா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். டயரின் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறந்த நாள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் பார்ப்பது முக்கியம். காலையில் வருவதாகச் சொல்லி, நீங்கள் வரும் வரை இயக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனவுடன் முன் ஆசனத்தைத் தூக்கி இயந்திரத்தில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ ஒன்று மறைக்கப்படுகிறது. கே.டி.எச். டீசல் இயந்திரங்களில், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களே செலவின் ஊற்று. காலை நேர வெண்புகை, சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை, சீரற்ற ஓட்டம் என்பன அவை பழுதானதன் அறிகுறிகள். இன்ஜெக்டரின் செப்பு வளையம் கசிந்தால் கரி ஒயிலில் கலந்து, ஒயில் உறிஞ்சும் வடிகட்டியை அடைத்துவிடும். அதன்பின் இயந்திரத்துக்கு ஒயில் ஏறாமல் முழுதும் தேய்ந்து போகும். இயந்திரம் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து, புகை விட்டுவிட்டு வீசுகிறதா என்று பார்க்கலாம். பழைய டவுன்ஏஸ் நோவாவின் டீசல் வகையை வாங்குவோர், அது சூடேறிச் சிலிண்டர் ஹெட் வெடித்த கதைகளைப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கேட்டால் போதும், வேண்டிய மட்டும் சொல்வார்கள்.

ஹைபிரிட் நோவாவில் பார்க்க வேண்டியது வேறு. அதன் பெரிய பற்றரி முன் ஆசனங்களின் கீழ் உள்ளது; காற்று இழுத்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வகை. பிள்ளைகள் சிந்தும் பிஸ்கட் துகளும் தூசியும் அந்தக் காற்று வழியை அடைக்க, பற்றரி சூடேறி ஆயுள் குறைகிறது. ஸ்கேன் கருவியை மாட்டி, சற்று ஏற்றமான வீதியில் ஓட்டும்போது பற்றரிப் பகுதிகளின் வோல்ட் அளவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் எடுக்கும் ஸ்கேன் போதாது. 2016 இல் வந்த இரண்டாம் தலைமுறை ஃப்ரீட் ஹைபிரிட்டில் இரட்டைக் கிளட்ச் கியர்பெட்டி உள்ளது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது அது உதறினால் அந்த வண்டியை விட்டுவிடலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு விற்பவர் காட்டும் பத்து நிமிடச் சுற்று போதாது. நண்பகலில், முழுக் குடும்பத்தையும் ஏற்றி, ஏசியை முழுதாகத் திறந்து, நெரிசல் மிகுந்த ‘காலி வீதி’யில் (Galle Road) வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஊர்ந்து செல்லுங்கள். வெப்பமானியின் முள் நடுவைத் தாண்டக் கூடாது; கடைசி வரிசையில் இருப்பவருக்கும் குளிர் வர வேண்டும். பின்பக்க ஏசி பழுதான வானில் பிள்ளைகளுடன் நீண்ட பயணம் செல்ல முடியாது. இயலுமானால் கொட்டாவையில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலைக்குள் நுழைந்து, அனுமதிக்கப்பட்ட 100 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பாருங்கள். மின்சாரச் சறுக்குக் கதவை இருபது தடவை திறந்து மூடுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பத்திரங்களுக்கு வந்தால், "ஓப்பன் பேப்பர்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுந்து வந்துவிடுவதே நல்லது. பதிவு உரிமையாளர் கையொப்பமிட்ட வெற்று மாற்றுப் படிவங்களுடன் வண்டி பல கை மாறிய பின், அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் பெயர் மாற்றம் நின்றுபோகும். அதற்கிடையில் விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் வழக்கும் சிக்கலாகும். பதிவு உரிமையாளரை நேரில் கண்டு, அடையாள அட்டையுடன் பெயரை ஒப்பிட்டுக் கையொப்பம் பெறுங்கள். லீசிங் உள்ளதென்றால் சான்றிதழில் முழு உரிமையாளராக அந்த நிறுவனத்தின் பெயர் இருக்கும். மீதியை நீங்களே நேரடியாக அந்த நிறுவனத்தில் செலுத்தி விடுவிப்புக் கடிதம் பெறுவதுதான் பாதுகாப்பு. முற்பணத்தை விற்பவர் கையில் கொடுத்து "பிறகு தீர்த்துக்கொள்வார்" என்று நம்பிய என் உறவினர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் அலைந்தார். அடிச்சட்ட இலக்கம், இயந்திர இலக்கம், நிறம் ஆகிய மூன்றையும் சான்றிதழுடன் ஒப்பிடுங்கள். டொல்பின்களில் இயந்திரம் மாற்றப்பட்டிருப்பது சாதாரணம், அது நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றும் நடப்பாண்டுக்குரியவையா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை பேசி முடிக்கும் முன், வாங்கிய முதல் மாதத்துக்கென ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டு மீதிக்குள்ளேயே பேரம் பேசுங்கள். ஒயில்கள், வடிகட்டிகள், பிரேக் கட்டைகள், பற்றரி ஆகியவற்றுக்கு அது உடனே தேவைப்படும். கே.டி.எச். டீசலில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்தில் சான்று இல்லையென்றால், விற்பவரின் வாய்ச்சொல்லை ஏற்காமல் முதல் நெடும்பயணத்துக்கு முன்னரே மாற்றிவிட வேண்டும். எங்கள் வானில் அதை மாற்றியபோது, கழற்றி எடுத்த பெல்ட்டின் உட்புறத்தில் இரண்டு பற்கள் ஏற்கெனவே வெடித்திருந்தன.