கல்லூரி விண்ணப்பப் படிவத்தைப் படிகளாகப் பிரிக்கும் முன்

சேர்க்கைக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் நாற்பது, ஐம்பது கேள்விகள் சாதாரணம். ஐந்து பக்கமாக வெட்டிவிட்டால் மட்டும் அது எளிதாகிவிடாது. நான்காம் பக்கத்தில் நெட் போய், திரும்ப வந்ததும் எல்லாம் காலியாக நின்றால், பழைய நீளப் பக்கமே தேவலை. அதனால் திரையை வரைவதற்கு முன்னால், நிரப்பியது எங்கே சேமிக்கப்படும் என்பதை முடிவு செய்யுங்கள்.

முதல் படியில் கைப்பேசி எண் மட்டும் கேளுங்கள். ஓடிபி சரியானதும் விண்ணப்ப எண்ணைக் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு 'அடுத்து' அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த எண்ணின் கீழ் சர்வரில் பதிவாக வேண்டும். பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் (அந்தக் கணினியிலேயே தரவு தங்கும் இடம்) வைப்பது சுலபம்தான். ஆனால் பிரவுசிங் சென்டரில் நிரப்புபவர்கள் நிறைய. ஒருவரின் வங்கிக் கணக்கு விவரம் அடுத்து உட்காருபவரின் திரையில் வந்து நிற்கும். ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒரே விண்ணப்பம் என்றும் பூட்டாதீர்கள். அக்கா தம்பி இருவருக்கும் வீட்டில் ஒரே போன் இருக்கலாம்.

படிகளைக் கையில் இருக்கும் காகிதத்தை வைத்துப் பிரியுங்கள்: மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நிரப்புவது ஒரு பக்கம், சாதிச் சான்றிதழ் ஒரு பக்கம், பாஸ்புக் ஒரு பக்கம். எவையெல்லாம் தேவை என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மேலே 'படி 2 / 5' என்று எழுதினால் போதும்; சதவீதப் பட்டை அழகுக்குத்தான். ஒவ்வொரு படிக்கும் தனி யூஆர்எல் (இணைய முகவரி) இருக்கட்டும். இல்லாவிட்டால் போனின் பேக் பட்டன் முந்தைய படிக்குப் போகாமல், படிவத்தை விட்டே வெளியேற்றிவிடும்.

பெயருக்கு ஒரு பெட்டி, இனிஷியலுக்கு ஒரு பெட்டி, 'மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி' என்ற குறிப்பு. 'லாஸ்ட் நேம்' கட்டாயம் என்று வைத்தால் சிலர் புள்ளி வைப்பார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டும் சிக்கல்.

எண்களுக்கு 'நம்பர்' வகைப் பெட்டி வேண்டாம். மவுஸ் சக்கரம் உருண்டால் மதிப்பெண் தானாக மாறிவிடலாம். 'டெக்ஸ்ட்' வகையே இருக்கட்டும். எந்த விசைப்பலகை வர வேண்டும் என்று சொல்லும் இன்புட்மோடை 'நியூமெரிக்' என்று வையுங்கள், எண் விசைப்பலகை வந்துவிடும். கைப்பேசி எண்ணுக்கு மேக்ஸ்லெங்த் (எழுத்து எண்ணிக்கை வரம்பு) 10 வைத்தால், +91 சேர்த்து ஒட்டுபவருக்குக் கடைசி இலக்கங்கள் சத்தமில்லாமல் வெட்டுப்படும். முழுதாக வாங்கி, இடைவெளியையும் முன்னொட்டையும் நீங்களே நீக்குங்கள். பெட்டிக்குள் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் திரையைப் பெரிதாக்கி நகர்த்திவிடும்.

பிழையைத் தட்டச்சு செய்யும்போதே காட்டாதீர்கள். பெட்டியை விட்டு வெளியே வந்த பிறகு, அதற்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். 'தவறான உள்ளீடு' என்றால் யாருக்கும் புரியாது. 'ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளைக் குறியீடு) 11 எழுத்து இருக்க வேண்டும், ஐந்தாவது இடத்தில் சைபர் வரும்' என்றால் பாஸ்புக்கைப் பார்த்துத் திருத்திவிடுவார்கள். அங்கே ஆங்கில 'ஓ' போடுவதுதான் எளிதில் நேரும் தவறு.

'முதல் பட்டதாரியா?' என்பதற்கு 'இல்லை' என்றால் சான்றிதழ் எண் பெட்டி மறைய வேண்டும். மறைத்ததோடு விட்டுவிடாமல் அதன் கட்டாயத் தன்மையையும் எடுங்கள். இல்லையென்றால் 'அடுத்து' வேலை செய்யாது, ஏன் என்பதும் திரையில் தெரியாது. சோதனையில் எளிதாகத் தப்பிவிடும் கோளாறு இது.

புகைப்படம் 50 கேபிக்குள் வேண்டுமென்றால் கேன்வாஸ் (பிரவுசரில் படம் வரையும் வசதி) மூலம் பிரவுசரிலேயே சுருக்கிக்கொள்ளுங்கள். அந்த வேலையை மாணவர் தலையில் கட்டாதீர்கள்.

கடைசிக்கு முன் எல்லா விடைகளும் ஒரே பக்கத்தில் வரட்டும். ஒவ்வொன்றின் அருகிலும் 'திருத்து' இருக்க வேண்டும். திருத்தி முடித்ததும் நேராக இதே பக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

கட்டணத்துக்கு யூபிஐ செயலிக்குப் போய்த் திரும்பும்போது, நினைவகம் குறைந்த போன் உங்கள் பக்கத்தை மூடியிருக்கலாம். அதனால் பணம் வந்ததா என்பதைப் பக்கத்தை நம்பாமல், விண்ணப்ப எண்ணை வைத்து சர்வர் வழியே கேளுங்கள். பதில் தாமதமானால் 'தோல்வி' என்று காட்ட வேண்டாம், மறுபடியும் கட்டிவிடுவார்கள். 'சரிபார்க்கிறோம், மீண்டும் கட்ட வேண்டாம்' என்று எழுதி, முடிவு தெரியும்வரை கட்டணப் பட்டனைப் பூட்டிவையுங்கள்.