வெளிநாட்டு ஊழியப் பயணத்தில் காது கேளாதோர் சபைக்குப் போகிறீர்களா?

ஊழியக் குழுவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் நான் முதலில் விசாரிப்பது, அங்கே என்ன சைகை மொழி என்பதைத்தான். உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்று நினைத்துக் கிளம்பி வருகிறவர்களே அதிகம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பேசுவது ஆங்கிலம்தான். சைகை மொழியோ முற்றிலும் வேறு. ஆங்கில எழுத்தை அமெரிக்கர்கள் ஒரு கையால் காட்டுவார்கள், பிரிட்டனில் இரண்டு கையும் வேண்டும். கானாவில் அமெரிக்கச் சைகைகளின் சாயல் தெரியும். காது கேளாத மிஷனரியான ஆண்ட்ரூ ஃபாஸ்டர் 1957இல் அங்கே பள்ளி தொடங்கியதால் வந்தது அது. ஆப்பிரிக்காவில் அவர் திறந்த பள்ளிகள் 30க்கும் மேல்.

அதனால் வணக்கம், நன்றி, 'இன்னொரு தரம் மெதுவாக' என்ற மூன்றையும் அந்த நாட்டுக்காரர் ஒருவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். வீடியோ பார்த்துக் கற்பதாக இருந்தால், அதில் இருப்பவர் எந்த நாட்டவர் என்று பாருங்கள்.

செய்தி கொடுக்கப் போகிறவருக்குத்தான் வேலை அதிகம். நீங்கள் பேசுவது முதலில் உள்ளூர் மொழிக்குப் போய், அதிலிருந்து சைகைக்கு மாறலாம். குறிப்புகளையும் வசன எண்களையும் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பிவிடுங்கள். வசனத்தைச் சொன்னதும் நிறுத்துங்கள். குனிந்து வேதாகமத்தைப் புரட்டுகிறவரால் அதே நேரத்தில் மொழிபெயர்ப்பாளரின் கையைப் பார்க்க முடியாது. தலைகள் நிமிர்ந்த பிறகு தொடருங்கள். படம் காட்ட விளக்கை அணைத்தால் பிரசங்கமும் அங்கேயே நின்றுவிடும். ஜன்னலுக்கு முன்னால் நிற்காதீர்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் முகம் தெரியாது.

ஜெபத்தில் யாரும் கண்ணை மூடுவதில்லை. நீங்களும் திறந்தே வைத்திருங்கள். கைதட்டுவதற்குப் பதில் இரு கைகளையும் உயர்த்தி விரல்களை விரித்து அசைப்பார்கள். ஒருவரைக் கூப்பிடத் தோளை லேசாகத் தொட்டால் போதும். இருவர் சைகையில் பேசிக்கொண்டிருக்க, குறுக்கே போக வேண்டியிருந்தால் சட்டென்று கடந்துவிடுங்கள்; நின்று மன்னிப்புக் கேட்டால் அதுதான் இடைஞ்சல். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "அவரிடம் கேளுங்கள்" என்று சொல்ல வேண்டாம், காது கேளாதவரையே பார்த்துக் கேளுங்கள்.

அப்புறம், என் குழுவில் நான் கண்டிப்பாக இருக்கும் விஷயம் ஒன்று: சுகமளிக்கும் ஜெபம். காது திறக்க வேண்டும் என்று அவர்களாகக் கேட்காதபோது தலையில் கை வைக்கக் கூடாது. பாட்டும் பிரசங்கமும் நடத்தி, புதியவர்களை வரவேற்று, காணிக்கை எடுத்து, ஒரு முழுச் சபையாக இருப்பவர்களிடம் போய் உங்களுக்குக் குறை என்று சொல்வதா ஊழியம்? அதைவிட அவர்கள் சாட்சி சொல்லும்போது முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். புரியாவிட்டாலும் போனை எடுக்காதீர்கள். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

பழகிய பிறகு அவர்கள் உங்களுக்கு ஒரு சைகைப் பெயர், அதாவது உங்களைக் குறிக்கும் தனிச் சைகை, வைக்கலாம். அதை நீங்களே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. மூக்கையோ சிரிப்பையோ வைத்துப் பெயரிட்டால் கோபிக்காதீர்கள், சரியா?

ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள். வாரம் முழுக்க, காது கேட்பவர்கள் நடுவில் இருந்துவிட்டு, தங்கள் மொழியில் மனம்விட்டுப் பேச அவர்களுக்குக் கிடைக்கும் நேரம் அது. விடைபெறுவது வாசலில் ஒருமுறை, தெருவில் ஒருமுறை என்று நீளும். வேனைத் தாமதமாக வரச் சொல்லுங்கள். ஓட்டுநருக்கும் காரணத்தைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஹார்ன் அடித்துக்கொண்டே இருப்பார்.