மெலிசான பட்டன் போன்: கடையிலேயே செய்துவிடும் தவறுகள்

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ கடையில் போய் பட்டன் போன் கேட்டால், மெலிசான மாடலை முதலில் எடுத்து வைப்பார்கள். பேட்டரி போடாத செட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு "கனமே இல்லையே" என்று முடிவு செய்வதில்தான் தவறு தொடங்குகிறது. பேட்டரியும் சிம்மும் போடச் சொல்லிவிட்டு அப்புறம் தூக்கிப் பாருங்கள்.

எதைக் குறைத்து மெலிசாக்கியிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஊரெல்லாம் கிடைக்கும் பிஎல்-5சி பேட்டரியே ஐந்தரை மி.மீ.க்குச் சற்றுக் கூடுதல் தடிமன். அதைவிட ஒல்லியான பேட்டரி உள்ளே இருந்தால், நாளைக்கு அது உப்பிப்போகும்போது மாற்று பேட்டரி உங்கள் ஊரில் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

அடுத்து பட்டன். ஒல்லிப் போனில் பட்டன்கள் மேடு இல்லாமல், ஒரே தகடாக ஒட்டிக்கொண்டிருக்கும். மகன் வாங்கி அப்பாவுக்குக் கொடுக்கும் போனை மகனே அழுத்திப் பார்த்துத் திருப்திப்படுவதுதான் இதில் வழக்கமான கூத்து. மகன் விரல் ஈரமில்லாமல் மெத்தென்று இருக்கும். நாற்றுப் பறித்துக் காய்த்துப்போன அப்பாவின் விரலுக்கு மேடு தெரிந்தால்தான் உண்டு. பயன்படுத்தப்போகிறவரையே கூட்டிப்போங்கள். பெருவிரலைக் கொஞ்சம் ஈரமாக்கி, கண்ணை மூடிக்கொண்டு, 5-ன் மேலிருக்கும் சின்னப் புள்ளியைத் தடவிப் பிடித்து, வீட்டு நம்பரின் பத்து இலக்கங்களையும் மூன்று முறை அடிக்கச் சொல்லுங்கள். இரண்டு முறை தப்பினால் அந்த மாடல் வேண்டாம். 5-ஐயும் 9-ஐயும் மட்டும் அழுத்திப் பிடிக்க வேண்டாம். பட்டன் போன்களில் அவற்றில் ஒன்று 112 அவசர அழைப்புக்கானது.

திரையைக் கடையின் டியூப் லைட்டில் பார்த்துப் பயனில்லை. வாசலுக்கு வந்து, நடுப்பகல் வெயிலில் போனைச் சாய்த்துப் பிடித்து நம்பர் தெரிகிறதா என்று பாருங்கள். அப்படியே சட்டைப் பையில் போட்டு, களை பறிப்பதுபோல் குனியுங்கள் (கீழே ஒரு கை இருக்கட்டும்). மெலிசும் வழவழப்பும் சேர்ந்தால் போன் நழுவி நேரே வாய்க்காலுக்குத்தான். கயிறு கோக்க ஓட்டை இருக்கும் மாடலுக்கு நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

ஸ்பீக்கர் பின்பக்கமா என்று திருப்பிப் பாருங்கள். அப்படியென்றால் மேசையில் மல்லாக்க வைத்ததும் மணிச்சத்தம் அமுங்கிவிடும்.

2ஜி செட்டில் ஜியோ சிம் வேலை செய்யாது. இது தெரியாமல் வாங்கித் திரும்ப வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கடைசியாக எஸ்எம்எஸ். நெல் போட்ட பணம் வங்கியில் ஏறிய தகவல் இதில்தான் வரும். தமிழில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 எழுத்துக்குறிதான்; புள்ளியும் கொம்பும்கூட அந்தக் கணக்கில் சேரும். அதைத் தாண்டினால் துண்டுதுண்டாகப் பிரிந்து போகும். நான்கு வரித் தமிழ்ச் செய்தி ஒன்றை உங்கள் போனிலிருந்து அனுப்பிப் பாருங்கள். கட்டம் கட்டமாகவோ பாதியாகவோ வந்தால் செட்டைக் கடைக்காரரிடமே வைத்துவிடுங்கள்.