கிசுமுவின் சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது எப்படி

கென்யாவில், விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள கிசுமு நகருக்கு வெளியே ஒரு சிறுவர் இல்லத்தில் இரண்டு ஆண்டுகள் பராமரிப்பாளராக இருந்தேன். அதுபோன்ற இல்லத்துக்குப் பணிக்கோ தொண்டுக்கோ செல்லவிருப்பவர்கள், நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைப் படாமலே தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். அங்குள்ள லுவோ மக்கள் பிள்ளை பிறந்த வேளையைக் கொண்டே பெயரிடுவது வழக்கம். இரவில் பிறந்த பையன் ஒட்டியெனோ, காலையில் பிறந்த பெண் அக்கிஞி, வெயில் ஏறிய நேரத்தில் பிறந்தவள் அச்சியெங், மழையின்போது பிறந்த பையன் ஒகோத். எங்கள் வீட்டில் மூன்று அச்சியெங்குகள் இருந்தார்கள். வாசலில் நின்று கூப்பிட்டால் மூவரும் ஓடி வருவார்கள். பாத்திரம் கழுவும் நேரமாக இருந்தால், மற்றவளைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று மூவரும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார்கள். நான் போன முதல் வாரத்தில் பள்ளிச் சீருடைகளின் கழுத்துப்பட்டையில் பேனாவால் பெயர் எழுதி வைத்தேன். மூன்று சட்டைகளிலும் ஒரே பெயர் இருந்ததால், திங்கட்கிழமை காலை பெரிய சண்டையே நடந்தது. பிறகு நம் ஊர்ச் சலவைக் குறியை நினைத்துக்கொண்டு, ஓரமடிப்பின் உட்புறம் ஒருத்திக்குச் சிவப்பு, ஒருத்திக்கு நீலம், ஒருத்திக்கு மஞ்சள் என்று நூலால் இரண்டு தையல் போட்டேன். எழுத்து தெரியாத சிறு பிள்ளைகளுக்கும் தங்கள் நிறம் தெரியும் என்பதால், இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

அடுத்தது கடிகாரம். சுவாஹிலி மொழியில் நேரத்தை நம் நாழிகைக் கணக்கைப் போலவே விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர் என்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் உதிக்கிறது, அந்தக் கணக்கும் பிசகுவதில்லை. காலை 7 மணி அவர்களுக்கு ‘சா மோஜா’, அதாவது முதல் மணி. ‘சா ம்பிலி’ என்று சொன்னதை இரண்டு மணி என்று எடுத்துக்கொண்டு, தடுப்பூசிக்காக இரண்டு பிள்ளைகளை மதியம் 2 மணிக்கு அழைத்துச் சென்றேன். காலை 8 மணிக்குத் தொடங்கிய முகாம் அதற்குள் முடிந்திருந்தது. யார் நேரம் சொன்னாலும் அது காலையா மாலையா என்று கேட்டு, ஆறு மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

உகாலி கிளறுவதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. சோள மாவைக் கொதிநீரில் கொட்டிக் கிளறும் நம் களிதான் அது என்றாலும், கையால் பிட்டால் ஒட்டாத கெட்டிப் பதம் வர வேண்டும். நான் முதன்முறை செய்ததைப் பார்த்த ஒரு சிறுவன், இது உஜியா என்று மிகுந்த மரியாதையோடு கேட்டான். உஜி என்றால் கஞ்சி. மரத்துடுப்பைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் கீரை நறுக்குங்கள். சப்பாத்தியோ அங்கே விருந்துச் சாப்பாடு. இந்தியாவிலிருந்து குடியேறியவர்களோடு போன அந்தப் பண்டம் கிறிஸ்துமஸுக்கும் விருந்தாளிகள் வரும் நாளுக்கும் உரியதாகிவிட்டது. ஆளுக்கு இரண்டு என்றால் எல்லாருக்கும் சரியாக இரண்டு இருக்க வேண்டும், எண்ணிக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைகளையே தேய்க்க விட்டால் வேலை இரட்டிக்கும், ஆனாலும் விடுங்கள்.

நோய் விஷயத்தில் தாமதம் கூடாது. ஏரியைச் சுற்றிய பகுதியில் மலேரியா மிகுதி என்பதால், காய்ச்சல் கண்ட அன்றே இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம்: ஒரு லிட்டர் சுத்தமான நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கொசுவலைகளைத் தினமும் மாலையில் எண்ணிப் பாருங்கள். எங்களுடைய இரண்டு வலைகள் ஒருநாள் கால்பந்துக் கோல் கம்பங்களில் தொங்கின.

பிள்ளை விழுந்தால், தள்ளியது யார் என்று விசாரிக்கும் முன் ‘போலே’ என்று சொல்லுங்கள். அது மன்னிப்புக் கேட்பதன்று, உன் வலி எனக்குத் தெரிகிறது என்று சொல்வது. அங்கே தெருவில் போகிறவர்கூட அதைச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

வந்த முதல் மணி நேரத்திலேயே ஒரு குழந்தை உங்கள் மடியில் ஏறி அமர்ந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். பலர் வந்து வந்து போனதால் ஏற்பட்ட பழக்கமாக அது இருக்கலாம். சில வாரங்களே தங்குபவர், குளிப்பாட்டுவதையும் தூங்கவைப்பதையும் என்றும் உடனிருக்கும் வீட்டுத் தாயிடமே விட்டுவிட்டு, அவருடைய துணி துவைப்பையும் சமையலையும் பங்கிட்டுக்கொள்வதே முறை என்பது என் உறுதியான கருத்து. திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

இல்லம் என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பதே 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகளின் சாரம். ஆகவே ஏப்ரல், ஆகஸ்டு, டிசம்பர் விடுமுறைகளில் பாட்டி வீட்டுக்கோ சித்தி வீட்டுக்கோ போக வழியுள்ள பிள்ளையை அனுப்பிவையுங்கள். திரும்பிய பிள்ளை சில இரவுகள் படுக்கையை நனைக்கலாம். எதுவும் கேட்காமல் விரிப்பை மாற்றி, அந்த ஒன்று மட்டும் கொடியில் தனியாகத் தெரியாதபடி எல்லாருடைய விரிப்புகளோடும் சேர்த்துக் காயப்போடுங்கள்.

ஒரு பிள்ளை நிரந்தரமாக வீடு திரும்பும்போது தடுப்பூசி அட்டை, பள்ளிச் சான்றுகள், ஒரு கொசுவலை, அதன் சொந்தக் குவளை ஆகியவற்றை மறக்காமல் கட்டிக் கொடுங்கள். எங்கள் மஞ்சள் நூல் அச்சியெங் பாட்டியிடம் போன அன்று நூற்கண்டையும் கேட்டாள். அங்கே நீ ஒருத்திதானே, குறி எதற்கு என்றேன். பாட்டியும் அச்சியெங்தான் என்றாள்.