இறக்கத்தில் பிடி விட்டு ஓடிய யூடிவி: என் அனுபவம்

பின்தட்டில் தண்ணீர் டேங்கோடு மண் சரிவில் இறங்கும்போதெல்லாம் எங்கள் யூடிவி (கரடுமுரடான பாதையில் ஆளும் சுமையும் ஏற்றிச் செல்லும் சிறிய நான்கு சக்கர வண்டி) திடீரெனப் பிடி விட்டதுபோல் ஓடும். பிரேக்கை அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு, பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கும். பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தேன், தேய்மானமே இல்லை.

விஷயம் கிளட்சில் இருந்தது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் பெல்ட்டில் ஓடும் சிவிடிதான் (இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் தானியங்கி அமைப்பு). ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்து, இன்ஜின் ஐடிலுக்கு (சும்மா ஓடும் குறைந்த வேகத்துக்கு) இறங்கினால் பல மாடல்களில் கிளட்ச் பிடியை விட்டுவிடும். அப்புறம் நியூட்ரலில் உருளுவது மாதிரிதான். (சில மாடல்களில் இதைத் தடுக்கும் இன்ஜின் பிரேக்கிங் அமைப்பு உண்டு. எங்களுடையதில் இல்லை.)

இப்போது சரிவின் உச்சியிலேயே நிறுத்தி, லோ கியரும் நான்கு சக்கர இயக்கமும் போட்டுவிடுகிறேன். ஆக்சிலரேட்டரில் கால் லேசாகப் பட்டபடியே இருக்கும். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. பிரேக் தேவைப்பட்டால் மெதுவாக, விட்டு விட்டு. சரிவுக்குக் குறுக்கே திருப்புவதே இல்லை, வண்டி கவிழ்வது அங்கேதான்.

டேங்கையும் மாற்றினேன். அரைகுறைத் தண்ணீர் தளும்பி எடையை முன்னும் பின்னும் தள்ளும். லோடு வரம்புக்குள் அடங்கும் சின்ன டேங்கை முழுக்க நிரப்பி, தாழ்வாக வைத்து ஸ்ட்ராப்பால் இறுக்கிக் கட்டுகிறேன்.

சீட் பெல்ட்டும் பக்கவலையும் மாட்டாமல் யாரையும் ஏற்றுவதில்லை. வண்டி சாய்ந்தால் கையை வெளியே ஊன்றத்தான் தோன்றும். வண்டியைச் சுற்றியுள்ள பாதுகாப்புக் கூண்டின் கம்பி அந்தக் கையின் மேல்தான் விழும்.

லோ கியருக்கு மாறியதில் பெல்ட் கருகும் வாடையும் நின்றுவிட்டது.