கோடைக்கால பிரிட்டிஷ் டி.வி. ரேட்டிங்கைப் படிப்பது எப்படி: சேலத்து மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிட்டிஷ் சேனல்களின் ரேட்டிங் பட்டியலை ஜூலை மாதத்தில் முதன்முறையாகக் கையில் எடுக்கும் ஒருவர், ஜனவரி மாத எண்களோடு அதை ஒப்பிட்டால், எல்லா நிகழ்ச்சிகளும் ஒரே நேரத்தில் மக்களுக்குச் சலித்துவிட்டன என்றே நினைப்பார். சேலத்தில் இதழியலும் விஷுவல் கம்யூனிகேஷனும் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் பட்டியல்களைப் பார்க்கும்போது, பெரும்பாலோர் முதலில் வந்து நிற்கும் இடம் இதுதான். அந்த முடிவு தவறு. கோடைக்கால எண் எதையும் தனியாகப் படிக்கக் கூடாது. அந்த நேரத்தில் டி.வி. முன்னால் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள், போட்டிச் சேனல் அதே நேரத்தில் எதை வைத்தது, சென்ற ஆண்டு இதே வாரத்தில் என்ன நடந்தது என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

முதலில் வெளிச்சத்தைப் புரிந்துகொள்ளுங்கள். சேலத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் மறையும் நேரம் ஒரு மணி நேரம்கூட முன்பின்னாக மாறுவதில்லை. லண்டனிலோ டிசம்பர் கடைசியில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது. ஜூன் கடைசியில் இரவு ஒன்பதேகால் மணிக்கும் வெயில் மிச்சமிருக்கிறது. எட்டு மாதம் குளிரிலும் மழையிலும் வீட்டுக்குள் இருந்தவர்கள் அந்த வெளிச்சத்தில் தோட்டத்துக்கும் பூங்காவுக்கும் போய்விடுவார்கள்; இங்கிலாந்தில் ஜூலை பிற்பகுதி தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்வதால், ஆகஸ்டில் பல குடும்பங்கள் ஊரிலேயே இருப்பதில்லை. நம் கோடை இதற்கு நேர் எதிரானது. மே மாதத்தில் பதினொரு மணிக்கு மேல் அம்மாபேட்டையிலோ அஸ்தம்பட்டியிலோ தெருவில் இறங்க முடியாத வெயில், விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளை டி.வி. முன்னால்தான் உட்கார வைக்கிறது. ஆகவே, கோடை என்றவுடன் நம் அனுபவத்தை வைத்து லண்டன் எண்களை ஊகிக்கக் கூடாது.

அடுத்து, எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பிரிட்டனில் இந்தக் கணக்கை எடுப்பது 1981-இல் தொடங்கப்பட்ட ‘பார்ப்’ என்ற அமைப்பு; பி.பி.சி., ஐ.டி.வி., சேனல் 4 போன்ற போட்டியாளர்கள் எல்லோரும் சேர்ந்து பணம் போட்டு நடத்துவதால், யார் வென்றார் என்று சண்டை வந்தாலும் எண்ணைப் பற்றிச் சண்டை அதிகம் வருவதில்லை. நெடுங்காலம் ஐயாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்துக் கணக்கெடுத்தவர்கள், அண்மையில் அதை 7,000 வீடுகளாக உயர்த்தினார்கள். அந்த வீடுகளில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் தனிப் பொத்தான் உண்டு. அறைக்குள் வரும்போதும் போகும்போதும் அழுத்த வேண்டும், விருந்தினருக்கும் பதிவு உண்டு. வீட்டுக்கு வெளியே பார்ப்பதை இந்த ஏற்பாடு பிடிப்பது கடினம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் இரவு வேலையின்போது சுவரில் மாட்டிய டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், பற்றவைப்பவர், மெருகு போடுபவர், கம்பி இழுப்பவர் என ஆறேழு பேர் காது கொடுத்துக்கொண்டிருப்பார்கள், வீட்டில் பொருத்திய மீட்டருக்கு அவர்களில் ஒருவரும் தெரியமாட்டார்கள். லண்டன் பப்பில் நின்றுகொண்டு கால்பந்து பார்ப்பவர்களின் நிலையும் அதுவே, கோடைக்காலக் கால்பந்து எண்களைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எண்ணின் அளவு மனத்தில் பதிய ஒரு வழி உண்டு. பிரிட்டனின் மக்கள்தொகை ஏழு கோடியை நெருங்குகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏழு கோடியே இருபது லட்சம். எனவே அங்கே 70 லட்சம் பேர் பார்த்தார்கள் என்றால், நம் மாநிலத்தில் பத்தில் ஒருவர் பார்த்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

இனி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறுக்குவாட்டில் பக்கத்தைத் திருப்பி, கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். தேதி, கிழமை, நேரம், சேனல், நிகழ்ச்சி, முதல் நாள் கணக்கு, பங்கு, ஏழு நாள் கணக்கு, எதிரே ஓடியது, சென்ற ஆண்டு இதே வாரம் என்ற தலைப்புகள் போதும். கடைசியில் அகலமாக ஒரு கட்டத்தைக் குறிப்புக்கு விடுங்கள். வெயில், மழை, கால்பந்து, விம்பிள்டன் எல்லாம் அங்கேதான் வரும். நேரத்தை லண்டன் நேரமாகவே எழுதுங்கள். கோடையில் அவர்கள் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம். நம் நேரத்துக்கு மாற்றி எழுதினால், இரவு ஒன்பது மணி நிகழ்ச்சி ஒரு பருவத்தில் ஒன்றரைக்கும் இன்னொரு பருவத்தில் இரண்டரைக்கும் போய் நின்று குழப்பும்.

முதல் நாள் கணக்கை அங்கே ஓவர்நைட் என்பார்கள். ஒளிபரப்பான மறுநாள் காலையிலேயே சேனல்களின் கைக்கு வந்துவிடும். ஒளிபரப்பான நேரத்திலும் அதே இரவில் பதிவு செய்தும் பார்த்தவர்களே அதில் இருப்பார்கள். அடுத்த ஏழு நாளுக்குள் பார்த்தவர்களையும் சேர்த்தால் வருவது ஏழு நாள் கணக்கு. அதற்கு மேல் 28 நாள் கணக்கும் உண்டு. இவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதைக் காட்ட, 2017 ஆகஸ்ட் 29-ஐ விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. பி.பி.சி.யில் வளர்ந்து பெரிதான ‘பேக் ஆஃப்’ கேக் போட்டி அன்றுதான் சேனல் 4-இல் முதன்முறையாக ஒளிபரப்பானது. மறுநாள் காலை வந்த சராசரி, சேனல் 4-இல் மட்டும் 58 லட்சம். அதே நிகழ்ச்சியை ஒரு மணி நேரம் தள்ளி ஒளிபரப்பும் அதன் ‘பிளஸ் ஒன்’ சேனலையும் சேர்த்தால் 65 லட்சம். ஏழு நாள் கழித்து அது 94 லட்சத்தைத் தாண்டியது. மூன்றும் உண்மையான எண்களே. முந்தைய ஆண்டு பி.பி.சி. ஒன்னில் முதல் நாள் இரவு கிடைத்த ஒரு கோடியே நாலு லட்சத்தோடு 58 லட்சத்தை ஒப்பிட்டவர் வீழ்ச்சி என்றார். சேனல் 4-இன் வழக்கமான செவ்வாய்க்கிழமை எண்ணிக்கையோடு 65 லட்சத்தை ஒப்பிட்டவர் சாதனை என்றார். ஆகவே ஒரு எண்ணைக் குறிக்கும்போதே அது எந்தக் கணக்கு, பிளஸ் ஒன் சேர்ந்ததா சேராததா என்று பக்கத்தில் எழுதிவிடுங்கள். முதல் நாள் எண்ணை முதல் நாள் எண்ணோடு மட்டுமே ஒப்பிட வேண்டும்.

சராசரியையும் உச்சத்தையும் கலக்காதீர்கள். சராசரி என்பது நிகழ்ச்சியின் ஒவ்வொரு நிமிடத்திலும் பார்த்தவர்களைக் கூட்டி வகுத்தது. உச்சம் என்பது மிக அதிகமானோர் பார்த்த அந்தச் சில நிமிடங்களின் எண். 2018 ஜூலை 11 அன்று இங்கிலாந்தும் குரோஷியாவும் மோதிய உலகக் கோப்பை அரையிறுதியை ஐ.டி.வி. ஒளிபரப்பியபோது உச்சம் ஏறத்தாழ இரண்டு கோடியே 65 லட்சம். முன்னும் பின்னும் நடந்த பேச்சையெல்லாம் சேர்த்த முழு நிகழ்ச்சிச் சராசரி அதைவிடக் குறைவு. சேனலின் செய்திக்குறிப்பு உச்சத்தைத்தான் தலைப்பில் போடும். உங்கள் கட்டத்தில் சராசரி வரட்டும், உச்சம் குறிப்புக்குப் போகட்டும்.

கோடைக்கு உயிரான கட்டம் பங்கு. அந்த நேரத்தில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இந்தச் சேனலில் இருந்தார்கள் என்பதே அது. கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எண்ணை எடுத்துக்கொள்வோம். ஜனவரியில் இரவு எட்டு மணிக்கு இரண்டு கோடிப் பேர் டி.வி. பார்க்கிறார்கள், அவர்களில் 50 லட்சம் பேர் ஒரு நாடகத்தைப் பார்க்கிறார்கள் என்றால் பங்கு 25 விழுக்காடு. ஜூலையில் அதே நேரத்தில் மொத்தமே ஒன்றரைக் கோடிதான், நாடகத்துக்கு 42 லட்சம் என்றால் பங்கு 28 விழுக்காடு. எட்டு லட்சம் பேரை இழந்த நாடகம் உண்மையில் தன் போட்டியாளர்களிடமிருந்து இடம் பிடித்திருக்கிறது. கோடையில் ஒரு நிகழ்ச்சியை நிறுத்துவதா நீட்டிப்பதா என்று முடிவெடுப்பவர்கள் இந்தப் பங்கு எண்ணை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்பது, எண்ணிக்கை குறைந்தும் அடுத்த ஆண்டு திரும்பி வரும் நிகழ்ச்சிகளைப் பார்த்தாலே விளங்கும்.

சேனல்கள் எதை ஏன் கோடையில் வைக்கின்றன என்பதைப் படிக்க, யாருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். பி.பி.சி.க்கு, டி.வி. பார்க்கும் வீடுகள் செலுத்தும் உரிமக் கட்டணம் உண்டு, உள்நாட்டில் விளம்பரம் இல்லை. அதனால் ஜூன் கடைசியிலிருந்து இரண்டு வாரம் விம்பிள்டனுக்கு நாள் முழுவதும் இடம் கொடுக்கவும், ஆகஸ்டில் பழைய நாடகங்களை மறு ஒளிபரப்புச் செய்யவும் அதனால் முடிகிறது. ஐ.டி.வி. விளம்பரத்தில் வாழ்கிறது. ஆகஸ்டில் விளம்பரச் சந்தை மந்தம், செப்டம்பரிலிருந்து கிறிஸ்துமஸ் வரை அது சூடு பிடிக்கும் என்பதால், விலை கொடுத்து எடுத்த பெரிய நாடகத்தை ஆள் இல்லாத ஆகஸ்டில் செலவழிக்க அது விரும்பாது. எஞ்சிய சேனல்களுக்கு இந்த வெற்றிடமே வாய்ப்பு. சேனல் 4, நம் ‘பிக் பாஸ்’ போன்ற ‘பிக் பிரதர்’ நிகழ்ச்சியை 2000 ஜூலையில் தொடங்கியதும், ஐ.டி.வி.யின் துணைச் சேனலான ஐ.டி.வி.2, ஜோடி தேடும் ரியாலிட்டி நிகழ்ச்சியான ‘லவ் ஐலண்ட்’டை 2015 ஜூனில் புதிதாகக் கொண்டுவந்ததும் இப்படித்தான். வாரத்துக்கு ஐந்தாறு இரவுகள் ஓடும் நிகழ்ச்சி, பார்வையாளரை நாள்தோறும் திரும்ப வரவைக்கிறது. அதிலும் விளம்பரதாரர்கள் தேடும் 16 முதல் 34 வயதுக்காரர்களை வரவைக்கிறது. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு ‘லவ் ஐலண்ட்’ ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்று புரியாது, வயதுவாரிக் கணக்கைப் பார்த்தால்தான் புரியும். அது இரவு ஒன்பது மணிக்கு வைக்கப்படுவதற்கும் காரணம் உண்டு: சிறுவர்களுக்குப் பொருந்தாதவற்றை அதற்கு முன் ஒளிபரப்ப ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் விடுவதில்லை.

நேருக்கு நேர் மோதுவதும் விலகிப்போவதும் தனிக் கலை. மேலே சொன்ன 2017-இல், பி.பி.சி. டூ தன் புதிய குடும்பச் சமையல் போட்டியை ஆகஸ்ட் நடுவில் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குத் தொடங்கியிருந்தது. ‘பேக் ஆஃப்’ அதே கிழமை, அதே நேரத்துக்கு வருகிறது என்று தெரிந்ததும் அதை வியாழனுக்கு மாற்றிக்கொண்டது. என் பார்வையில் அது தோல்வியை ஒப்புக்கொண்டதல்ல. சமையல் விரும்பும் குடும்பம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், புதியதுதான் அடிபடும் என்று தெரிந்து செய்த நல்ல முடிவு. ‘எதிரே ஓடியது’ என்ற கட்டத்தை ஒருநாளும் காலியாக விடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

கால்பந்துக் கோடைகள் எல்லாக் கணக்கையும் புரட்டிப்போடும். உலகக் கோப்பையையும் யூரோ கோப்பையையும் பி.பி.சி.யும் ஐ.டி.வி.யும் பங்குபோட்டுக்கொள்கின்றன, இறுதிப் போட்டியை இரண்டுமே ஒரே நேரத்தில் காட்டுவது வழக்கம், அப்போது விளம்பரம் இல்லாத பி.பி.சி. பக்கமே கூட்டம் சாயும். ஆட்டம் பிரைம் டைமில் வந்தால் ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’, ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ போன்ற நெடுந்தொடர்கள் நாள் மாறி, நேரம் மாறி அலையும். 2021-இல் யூரோ நடந்தபோது ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரின் அந்த வாரத்து எபிசோடுகளைத் திங்கட்கிழமையே மொத்தமாக பி.பி.சி.யின் இணையச் சேவையான ஐபிளேயரில் போட்டுவிட்டார்கள். அந்த வாரங்களின் முதல் நாள் கணக்கை வைத்துத் தொடர் சரிந்துவிட்டது என்று எழுதினால் அது பிழை, ஏனென்றால் பார்வையாளர்கள் முன்கூட்டியே பார்த்து முடித்திருந்தார்கள்.

நம் பக்கத்து எண்களையும் இதே கட்டத்தில் எழுதிப் பழகுவது நல்லது. இங்கே டி.ஆர்.பி. என்று நாம் சொல்வதை 2015 முதல் ‘பார்க் இந்தியா’ தருகிறது. அதன் வாரம் சனியன்று தொடங்கி வெள்ளியன்று முடிகிறது, பிரிட்டனின் வாரமோ திங்கள் முதல் ஞாயிறு வரை; ஆகவே வார எண்களை அருகருகே வைக்கும்போது தேதிகளைச் சரிபாருங்கள். பொதுவெளியில் வருவது தமிழ்நாடு, புதுச்சேரி முழுவதற்குமான பட்டியல் என்பதால், ஏற்காட்டில் மே மாதக் கோடை விழாவுக்கு மலையேறிய குடும்பங்களால் சேலத்தில் எந்த சீரியல் அடிவாங்கியது என்று அதிலிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் முயலாதீர்கள். சொல்லக்கூடியவை வேறு இருக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் ஏழரை மணி ஐ.பி.எல். ஆட்டம் மாலை சீரியல்களோடு மோதுவதையும், ‘பிக் பாஸ்’ தமிழ் முதல் மூன்று சீசன்களில் ஜூனில் தொடங்கிவிட்டு 2020 முதல் அக்டோபருக்கு மாறியதையும் எழுதி, எதிரே எது ஓடியது என்று பாருங்கள்.

சென்ற ஆண்டோடு ஒப்பிடும் கட்டத்தை நிரப்பும்போது, அந்த ஆண்டே விதிவிலக்கானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2022 உலகக் கோப்பை கத்தாரில் நவம்பர், டிசம்பரில் நடந்ததால் அந்த ஆண்டின் கோடையில் ஆண்களுக்கான பெரிய கால்பந்துக் கோப்பைப் போட்டி இல்லை. ஆனால் ஜூலை 31 அன்று பெண்கள் யூரோ இறுதிப் போட்டியில் இங்கிலாந்து வென்றபோது பி.பி.சி. ஒன்னில் உச்சம் ஒரு கோடியே 74 லட்சத்தைத் தொட்டது. அந்த ஒரு ஞாயிறை வைத்து 2023 ஜூலையின் கடைசி ஞாயிறை எடைபோட்டால் பி.பி.சி. படுத்துவிட்டதாகவே தோன்றும். இப்படிப்பட்ட வாரங்களுக்கு அதற்கும் முந்தைய ஆண்டின் எண்ணை எடுத்து எழுதி, ஏன் எடுத்தீர்கள் என்பதைக் குறிப்புக் கட்டத்தில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.