டெல்லிக்கு வந்த பிள்ளைக்குச் சீனம்

டெல்லிப் பள்ளியில் சேர்த்ததும் அந்நிய மொழி எது என்று கேட்பார்கள். பெரும்பாலும் பிரெஞ்சு அல்லது ஜெர்மன்தான். 2020 தேசியக் கல்விக் கொள்கை பெயர் சொன்ன அந்நிய மொழிகளில் கொரியன் உண்டு, ஜப்பானிய மொழி உண்டு, சீனம் இல்லை. ஆகவே ஆசை இருந்தால் டியூஷன்தான் வழி. முனிர்க்காவிலோ ஆர்.கே.புரத்திலோ குடியேறியிருந்தால் ஜேஎன்யூ, அதாவது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், பக்கம். அங்கே சீனம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. டியூஷன் எடுக்கிற மாணவர் யாராவது உண்டா என்று விசாரித்துப் பாருங்கள்.

அவர் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் விளக்குவார். வீட்டில் நீங்கள் தமிழில் சொல்லிக்கொடுங்கள், பாதி வேலை குறையும். பதினொன்றுக்குச் சீனத்தில் நம்மைப் போலவே 'பத்து ஒன்று', இருபதுக்கு 'இரண்டு பத்து'. இந்தி எண்களோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை நாலுக்கும் தனித்தனிச் சொல் உண்டு.

உச்சரிப்பில் நமக்கு ஒரு யோகம்: ஆளைக் குறிக்கும் சொல்லை ரகரத்தில் தொடங்கினால் சரிவராது, நம் ழகரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் வந்துவிடும். ஆனால் சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யினில் இஸட்-எச் பார்த்தால் அது ழ இல்லை! நாம் ஆங்கிலத்தில் தமிழ் எழுதும் பழக்கத்தில் ஏமாந்துபோவோம்; அது நாக்கை மடித்துச் சொல்லும் 'ட்ச' மாதிரி.

தகராறு மூச்சில்தான். அப்பாவுக்கு 'பா', நம் 'பால்' என்பதில் வரும் அதே ப. அதையே மூச்சை ஊதிச் சொன்னால் 'பயப்படு'. என் மகள் உதட்டுக்கு முன் மளிகைக் கடை ரசீதைப் பிடித்துக்கொண்டு பழகினாள். ரசீது ஆடினால் பயம், ஆடாவிட்டால் அப்பா. இந்தியில் க, க்ஹ பேதம் பழகிய பிள்ளைக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

தொனியை விட்டுவிடக் கூடாது. 'மாய்' கீழே இறங்கி ஏறினால் 'வாங்கு', சட்டென்று விழுந்தால் 'விற்றுவிடு'. கடைக்கு அனுப்பினால் என்னாகும்!

எழுத்துக்குக் கணக்கு நோட்டு, கட்டம் போட்டது, போதும். கோடு எந்த வரிசையில் போடுவது என்பதை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் திருத்துவது கஷ்டம்.

வடசீனப் பேச்சில் கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல 'ட்ஸான்மன்' என்று தனிச் சொல் இருக்கிறது. டியூஷனில் மற்றப் பிள்ளைகள் இந்தியில் இரண்டுக்கும் பொதுவான 'ஹம்' என்பதை வைத்துக் குழம்பிக்கொண்டிருக்க, என் மகள் கேட்டாளாம்: "ஓ, நாம, நாங்க மாதிரியா?"